மதியின் பட்டன் டயர்

1

இந்த மாசியோடு என் தம்பி மதி போய் ஓர் ஆண்டாகிறது. திதி என்றைக்கு வருகிறது என்று கேட்க ஊருக்குப் போன் செய்தேன். அவன் மனைவி சுமதி நாளைச் சொன்னாள். பிறகு கொஞ்சம் தயங்கி, “மாமா, பழைய சாமான் எடுக்குறவரு வந்தாரு. அந்த சைக்கிளக் குடுப்பீங்களான்னு கேக்குறாரு. என்ன சொல்லட்டும்?” என்றாள்.

“டயர்ல காத்து இருக்காம்மா?” என்று கேட்டேன்.

எதற்காக அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை. “பாத்துச் சொல்றேன் மாமா” என்று அவள் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அன்று வேலையில் கை ஓடவில்லை. ஒரு சைக்கிள் டயரைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்கு எழுத என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். எனக்கும் தம்பிக்கும் கடைசி சில ஆண்டுகளில் பேச்சு என்று இருந்ததெல்லாம் அநேகமாக அதைப் பற்றித்தான். அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் நன்னிலத்துக்குப் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் சொந்த நிலம், கொஞ்சம் குத்தகை. நான் ஐ.டி.ஐ. படித்து, வெல்டிங் கற்று, சிங்கப்பூர் போய், அங்கிருந்து நியூசிலாந்தில் ஒரு பால் பவுடர் தொழிற்சாலைக்கு வந்தவன். வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. மனைவி மல்லிகா முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். மகள் அகிலா இங்கேயே பிறந்தவள். மதி எனக்கு ஒன்பது வயது இளையவன். கல்யாணமாகி ஒரு வருடம் கழித்து, மாட்டுப்பண்ணை வேலைக்கு விசா கிடைத்து அவனும் இங்கே வந்து சேர்ந்தான். நிரந்தரக் குடியுரிமை வாங்கிக்கொண்டு சுமதியை அழைத்துக்கொள்வதாகத் திட்டம்.

எனக்குக் கலியபெருமாள் என்று ஒரு பெயர் இருப்பது இங்கே எந்த அலுவலகத்துக்கும் தெரியாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் என்று ஏறிவிட்டதால் நானும் ‘மிஸ்டர் கோவிந்தசாமி’, மதியும் ‘மிஸ்டர் கோவிந்தசாமி’. அப்பா உயிரோடு இருந்தபோது வயல் வரப்பைத் தாண்டி அதிகம் போனவரில்லை. அவர் பெயர் இங்கே எல்லாக் கவுன்ட்டரிலும் ஒலித்தது.

2

மதி வேலை பார்த்த பண்ணை எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரம். விடிவதற்கு முன்பே பால் கறக்கும் கொட்டகைக்குப் போய்விட வேண்டும். தனி ஆள். ஞாயிறுகளில் எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே பேச ஆரம்பித்துவிடுவான். “வாரம் பூரா மாட்டுக்கிட்டதான்ணே பேசுறேன். அதுங்களுக்கும் தமிழ் புரியல” என்பான். மல்லிகா சிரித்துக்கொண்டே சோறு போடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காரின் பின்னால் ஒரு சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்தான். பண்ணைக்காரரின் மகன் நகரத்துக்குப் போய்விட்டானாம். சும்மா கிடந்த சைக்கிளை அவனுடைய அம்மா எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்களாம்.

“இதப் பாருங்கண்ணே. பட்டன் டயரு. டிராக்டருக்குப் போட வேண்டியத சைக்கிளுக்குப் போட்டு வச்சிருக்கானுவ!”

நம் ஊர் சைக்கிள் டயரை மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். இது அதைப்போல இரண்டு மடங்கு அகலம். மேலே முழுக்க விரல் நுனி பருமனில் ரப்பர் கட்டைகள் துருத்திக்கொண்டிருக்கும். மதி அன்று எங்கள் தெருவில் ஒரு சுற்றுப் போய்விட்டு மூச்சு வாங்கத் திரும்பினான். தார் ரோட்டில் அந்த டயர் எழுப்பும் சத்தம் ஒரு தேன்கூட்டைப் பின்னால் கட்டி இழுப்பது போல இருக்கும். மிதிக்க மிதிக்க யாரோ கேரியரைப் பிடித்து இழுக்கிற மாதிரி கனக்கும். “இத வச்சுக்கிட்டு என்னண்ணே பண்றது?” என்றான்.

பதில் ஊர் எல்லையில் இருந்த பைன் மரக் காட்டில் இருந்தது. அதற்குள் சைக்கிளுக்கென்றே ஒற்றையடிப் பாதைகள் வெட்டியிருக்கிறார்கள். அகிலாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். பள்ளிக்கூடத்தோடு அங்கே போய்ப் பழகியவள் அவள்தான். சித்தப்பாவை அழைத்துக்கொண்டு போனாள். நான் வேடிக்கை பார்க்கப் போனேன்.

முதல் இறக்கத்திலேயே மதி விழுந்தான். மழையில் ஊறிய பைன் வேர்கள் பாதைக்குக் குறுக்கே விளக்கெண்ணெய் தடவியது போல வழுக்கிக் கிடந்தன. டயரை அவன் நம் ஊர் வழக்கப்படி கல் மாதிரி அடித்து வைத்திருந்தான். முன் சக்கரம் வேரைத் தொட்டதும் பக்கவாட்டில் பறந்தது. முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. அவன் எழுந்து உட்கார்ந்து சிரித்தான்.

“காத்த எறக்கணும் சிட்டப்பா” என்றாள் அகிலா. அவள் வாயில் சித்தப்பா எப்போதும் சிட்டப்பாதான்.

“ஏத்தச் சொல்லிதான் கேட்டிருக்கேன். எறக்கச் சொல்ற முதல் ஆளு நீதான் கண்ணு.”

அவள் வால்வை அழுத்திக் காற்றை விட்டாள். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்குகிற அளவுக்கு. எனக்கு அது பஞ்சரான டயரில் ஒருவனை மலையிலிருந்து தள்ளிவிடுவது போல இருந்தது. ஆனால் அந்தத் தடவை டயர் வேரில் பட்டு வழுக்காமல், கையால் பிடிப்பது போலப் பற்றிக்கொண்டு ஏறி இறங்கியது. கீழே போய் நின்று அவன் கத்தினான்: “அண்ணே! புடிக்குதுண்ணே! தரையப் புடிக்குது!”

அடுத்த மாதமே நானும் ஒரு பழைய சைக்கிள் வாங்கிவிட்டேன். நாற்பத்தைந்து வயதில், தொப்பையோடு.

அந்த டயரோடு பழகுவதற்கு நாள் பிடித்தது. வளைவில் சைக்கிளைச் சாய்க்கும்போது ஒரு கட்டத்தில் நடுக் கட்டைகள் தரையை விட்டுவிடும், ஓரக் கட்டைகள் இன்னும் தொட்டிருக்காது. அந்த ஒரு கணம் எதுவுமே பிடிக்காது. பயந்து நிமிர்த்தினால் விழுவோம். இன்னும் சாய்த்தால் ஓரக் கட்டைகள் மண்ணைக் கவ்வும். நான் கடைசிவரை அங்கே நிமிர்த்துகிறவனாகவே இருந்தேன். மதி சாய்கிறவன். அகிலா அவனையும் மிஞ்சினாள்.

முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டே போக வேண்டும் என்பது காட்டு வழக்கம். மதி தமிழில்தான் கத்துவான். “வேரு!” “பள்ளம்!” “ஈரக்கட்ட!” “ஆள் வர்றான், ஓரம்!” வீட்டில் தமிழ் பேசச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிற அகிலா, காட்டுக்குள் அவனுக்குப் பின்னால் அதே சொற்களைத் திருப்பிக் கத்திக்கொண்டு போவாள். ஒரு நாள் பள்ளிக்கூடத் தோழிக்கு முன்னால் வேரைப் பார்த்ததும் ‘வேரு’ என்று கத்திவிட்டு, அதற்கு ஆங்கிலம் உடனே வராமல் விழித்தாளாம். அதை வந்து சொல்லிச் சிரித்தாள். தமிழ் வகுப்புக்கு வாராவாரம் கொண்டுபோய் விட்டபோது நடக்காதது இது என்று மல்லிகா ஆச்சரியப்பட்டாள்.

3

நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தால் உடல் பரிசோதனை உண்டு. மதி பண்ணையில் லீவு போட்டு, ரத்தமும் சிறுநீரும் கொடுத்துவிட்டு வந்தான். நான்கு நாளில் கூப்பிட்டு மறுபடி எடுத்தார்கள். பிறகு ஸ்கேன்.

அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப் போயிருந்தன. எப்போதிலிருந்து என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை. சிறு வயதில் கவனிக்காமல் விட்ட ஏதோ ஒரு காய்ச்சலாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். சீக்கிரமே டயாலிசிஸ் தேவைப்படும் என்றார். ஞாயிற்றுக்கிழமை மேட்டில் சைக்கிள் மிதிக்கும்போது முன்பைவிட மூச்சு வாங்குகிறது என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். நாங்கள் டயர் கனம் என்று நினைத்தோம். பின் சக்கரத்துக்குக் கட்டைகள் குட்டையான டயர் வாங்கி மாற்றிக்கூடப் பார்த்தோம்.

என் சிறுநீரகம் ஒன்றைத் தருகிறேன் என்று ஓடினேன். எனக்குச் சர்க்கரை. முதல் கேள்வியிலேயே முடிந்துபோனது.

குடியேற்ற விதிப்படி, இந்த நோய் உள்ளவருக்கு நிரந்தரக் குடியுரிமை கிடையாது, அதற்கு விலக்கும் கிடையாது. மேல்முறையீடு செய்தோம். அங்கே பேசிய எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒரு அம்மா போனில், “உங்கள் தம்பிக்காக வருந்துகிறேன் மிஸ்டர் கோவிந்தசாமி” என்றார். அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. விதி விதிதான்.

கடைசி முடிவு மின்னஞ்சலில் வந்தது ஒரு சனிக்கிழமை காலை. மதி எங்கள் வீட்டில் இருந்தான். எனக்குத் தொழிற்சாலை ஆங்கிலம் தெரியும், அலுவலக ஆங்கிலம் ஓடாது. வழக்கம்போல அகிலாவைக் கூப்பிட்டோம். வங்கி, பள்ளிக்கூடம், கார் பதிவு எல்லாவற்றுக்கும் அவள்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். பதினான்கு வயது. சமையலறை மேசையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்துக்கொண்டே வரிக்கு வரி தமிழில் சொல்லத் தொடங்கினாள்.

“உங்க... உங்க கேஸ் பாத்தாங்க. நீங்க நல்லா வேலை செஞ்சீங்கன்னு சொல்றாங்க. ஆனா...” நிறுத்தினாள். மறுபடி படித்தாள். சொல் தேடினாள். கிடைத்தது.

“நீங்க ரொம்பச் செலவு, சிட்டப்பா.”

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. அவள் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன்.

மதி சிரித்தான். “ஆமாடா கண்ணு. எங்கம்மாவும் அதத்தான் சொல்லும்” என்று அவள் தலையைத் தடவினான். “அப்புறம் என்ன போட்டிருக்கு, படி.”

அவள் படிக்கவில்லை. எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து அகிலா தமிழ் பேசுவதில்லை. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கோபத்தில் செய்கிற பிடிவாதம் என்று முதலில் நினைத்தேன். மல்லிகாதான் ஒரு நாள், “அந்த வார்த்தைய அவ வாயால சொன்னால்லங்க. அதான் அந்த வாயிலேர்ந்து அது வர மாட்டேங்குது” என்றாள்.

அவன் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய கடைசி ஞாயிறு காட்டுக்குப் போனோம், மூன்று பேரும். மதி முன்னால் போய்க் கத்தினான். பின்னாலிருந்து அகிலாவின் குரல் வரவில்லை. நான் மட்டும் கத்தினேன்.

4

சைக்கிளைப் பிரித்து அட்டைப் பெட்டியில் கட்டி அவனோடு அனுப்பினேன். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, டயரில் மண் ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார்கள். மதியே முந்தின நாள் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கட்டைக்குக் கட்டை கழுவி வைத்திருந்தான். “சுத்தமாக இருக்கிறது” என்று அந்த அதிகாரி பாராட்டினார். மதி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். அகிலா விமான நிலையத்துக்கு வரவில்லை.

ஊர் போய்ச் சேர்ந்து சில மாதத்தில் டயாலிசிஸ் தொடங்கியது. கும்பகோணத்தில் ஒரு ஆஸ்பத்திரி, வாரம் இரண்டு நாள். சுமதி டவுன் பஸ்ஸில் கூடவே போய் வருவாள். அந்த நாள்களில் அவனால் எதுவும் முடியாது, வந்து படுத்துவிடுவான். மற்ற நாள்களில் வெயில் ஏறுவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அரசலாற்றுக் கரைக்குப் போய்விடுவான். போய்விட்டு வந்து எனக்குப் போன். இங்கே பிற்பகல் தேநீர் இடைவேளை. தொழிற்சாலைக்கு வெளியே நின்று பேசுவேன்.

“எப்படிடா இருக்கு உடம்பு?” என்று நான் கேட்பேன். “டயரு சரியா வரலண்ணே” என்று அவன் பதில் சொல்வான்.

மழைக்கு முன்னால் பிரச்சினை முள். கரையெல்லாம் கருவேலம். அந்த டயருக்குள் டியூப் கிடையாது, பால் மாதிரி ஒரு திரவம் ஊற்றியிருக்கும், ஓட்டை விழுந்தால் அது வந்து அடைத்துக்கொள்ளும். “ஒரே நாள்ல ஏழெட்டு முள்ளு புடுங்குனேன். வெள்ளையா வருது, தானா நிக்குது. பஞ்சர் கடைக்காரரு வந்து தொட்டுத் தொட்டுப் பாக்குறாரு” என்றான். இன்னொரு நாள், “எனக்கும் உள்ள அந்த மாதிரி எதையாவது ஊத்தி வச்சிருக்கலாம்ணே” என்று சொல்லிவிட்டு, உடனே, “சும்மா சொன்னேன்” என்றான்.

மழை வந்ததும் பிரச்சினை மண். இங்கே எங்கள் காட்டு மண் எரிமலை மண், பொலபொலவென்று இருக்கும். சக்கரம் சுற்றும்போது தானே உதிர்ந்துவிடும். நம் களிமண் அப்படியா? பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே போய் அடைத்துக்கொண்டு, அதன்மேல் இன்னும் ஏறி, கடைசியில் சக்கரமே இட்லிப் பானை அளவுக்கு ஊதி, ஃபோர்க்கில் சிக்கி நின்றுவிடும். ஐப்பசியில் ஒரு நாள் நடுவரப்பில் அப்படி நின்றுபோய், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தானாம்.

“தூக்குனியா? அந்தக் கையால தூக்கலாமாடா?” என்று கத்தினேன். டயாலிசிஸுக்காக இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அதில் பாரம் ஏற்றக் கூடாது.

“வலது தோள்லதான்ணே. வயல்ல இருந்தவங்கள்லாம் சிரிச்சாங்க. சைக்கிள்ல போனா அது நம்மளத் தூக்கணும், நீ ஏன்யா அதத் தூக்குறேன்னு.”

அதிர்வு இடது கைக்கு ஆகாது என்பதால் காற்றை இன்னும் இறக்கி ஓட்டினான். குடிக்கும் தண்ணீருக்கும் அவனுக்கு அளவு உண்டு. வியர்த்து விறுவிறுத்து வந்த பிறகும் ஒரு டம்ளருக்கு மேல் கூடாது. “என்னடா பண்ணுவ?” என்று கேட்டேன். “கொழாய்ல வாய் கொப்புளிச்சுத் துப்பிட்டு, கொஞ்ச நேரம் ஈர வாயோட உக்காந்திருப்பேன். அதுவே நல்லாத்தான் இருக்கு” என்றான். நான் அந்த இடைவேளையில் கையில் இருந்த தேநீரைக் குடிக்காமல் கீழே ஊற்றினேன்.

ஏன் ஓட்டுகிறான் என்று சுமதி என்னிடம் கோபமாகக் கேட்டாள். நிறுத்தச் சொல்லுங்கள் என்றாள். டாக்டர், களைப்பில்லாத நாளில் மெதுவாக ஓட்டலாம் என்றே சொல்லியிருந்தார். அதனால் நான் நிறுத்தச் சொல்லவில்லை.

5

களிமண்ணுக்கென்றே ஒரு டயர் உண்டு. பட்டன்கள் குறைவு, ஆனால் உயரம். ஒன்றுக்கொன்று இடைவெளி அதிகம். மண் அடையாமல் உதிர்ந்துவிடும். திருவாரூர் பக்கம் போகிற ஒரு நண்பரிடம் இரண்டை மடித்துக் கொடுத்தனுப்பினேன். மார்கழியில் ஒரு காலை, இங்கே நான் வேலையில் இருக்கும்போதே வீடியோ வந்தது. சுமதி எடுத்தது. பனி விலகாத சம்பா வயல், கதிர் சாய்ந்து நிற்கிறது, நடுவே ஈர வரப்பில் மதி வருகிறான். காதுவரைக்கும் மப்ளர். இளைத்துப்போயிருந்தான். சக்கரத்திலிருந்து மண் கட்டி கட்டியாகத் தெறிக்கிறது, சக்கரம் நிற்கவில்லை. “ஓடுதுண்ணே! ஓடுது!” என்று கத்திக்கொண்டே கேமராவைத் தாண்டிப் போகிறான். கடைசியில் சுமதியின் சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

அந்த வீடியோவை அகிலாவிடம் காட்டினேன். பார்த்தாள். “He looks thin” என்று மட்டும் சொன்னாள்.

அப்போது நாங்கள் நம்பிக்கையோடுதான் இருந்தோம். சுமதியின் சிறுநீரகம் பொருந்தும் என்று முடிவு வந்திருந்தது. அரசு அனுமதிக் குழுவுக்கு முன்னால் இரண்டு பேரும் உண்மையிலேயே கணவன் மனைவிதான் என்று நிரூபிக்க வேண்டும். கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆல்பம் சரி. ஆனால் பாஸ்போர்ட்டில் மதிவாணன் கோவிந்தசாமி, ரேஷன் கார்டில் கோ. மதிவாணன். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சான்று வாங்கி வரச் சொன்னார்கள். “அங்க நம்ம ரெண்டு பேரையும் ஒரே ஆளுன்னு நெனச்சாங்க. இங்க என் ஒருத்தனையே ரெண்டு ஆளுங்குறாங்கண்ணே” என்றான் மதி. சான்றும் கிடைத்தது. அனுமதியும் கிடைத்தது. சித்திரையில் ஆபரேஷன் என்று முடிவானது.

மாசியில், டயாலிசிஸுக்குப் போக வேண்டிய ஒரு காலையில், சட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தவன், “தலைய சுத்துது சுமதி” என்று உட்கார்ந்தான். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிட்டது என்று பிறகு சொன்னார்கள். கார் கும்பகோணம் போவதற்குள் முடிந்துவிட்டது. யார் மேலும் தப்பில்லை. தப்பு சொல்ல ஒருவர் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று விமானம் மாறித் திருச்சியில் இறங்கி வீடு போய்ச் சேர்ந்தபோது பால் தெளித்து முடித்துவிட்டார்கள். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. சுமதி என்னைக் கண்டதும் அழவில்லை. “வாங்க மாமா, வழியில சாப்புட்டீங்களா?” என்று கேட்டாள். நான்தான் அழுதேன்.

மறுநாள் கொல்லைப்புறம் போனேன். கொட்டகையில் சைக்கிள் நின்றது. நான் அனுப்பிய டயர்கள். பட்டன்களின் நடுவே களிமண் காய்ந்து வெடித்திருந்தது, அதில் ஒரு நெல் தாளின் துண்டு. சும்மா இருக்க முடியாமல் ஒரு குச்சியை எடுத்து அந்த மண்ணை நெம்ப ஆரம்பித்தேன். ஒரு கட்டி விழுந்தது.

“வேணாம் மாமா” என்று பின்னாலிருந்து சுமதி சொன்னாள். “அவங்க ஓட்டுன மண்ணு. இருக்கட்டும்.”

குச்சியைக் கீழே போட்டேன். அவள் வந்து விழுந்த கட்டியை எடுத்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அழுதாள். நின்றபடியே, சத்தமாக, கையை மூடிக்கொண்டு. உள்ளேயிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள்.

6

டயரில் காற்று இல்லை என்று சுமதி மறுநாள் செய்தி அனுப்பினாள். சைக்கிளைக் கொடுக்கவில்லை என்றும் அனுப்பினாள். இப்போது நன்னிலத்தில் ஒரு பள்ளியில் அலுவலக வேலைக்குப் போகிறாள். அதைப் பற்றி மட்டும் இரண்டு வரி அதிகம் எழுதியிருந்தாள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

திதி அன்று தொழிற்சாலைக்கு லீவு போட்டேன். மல்லிகா காலையிலேயே சமைத்து, மதியின் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தாள். அகிலாவுக்கு இப்போது பதினேழு. பல்கலைக்கழகத்துக்கு வேறு நாட்டுக்குப் போகப் போகிறேன் என்கிறாள். ஏன் என்று கேட்டால், “இது என் நாடு அப்பா. என் நாடுதான் அவரை அனுப்பியது. என்னால் இங்கே இருக்க முடியாது” என்று ஆங்கிலத்தில் சொல்கிறாள். நானும் மல்லிகாவும் வந்து சேர்வதற்கு அவ்வளவு பாடுபட்ட ஊர் இது. படையலுக்கு முன்னால் வந்து கும்பிட்டாள். சித்தப்பாவின் படத்தைப் பார்த்து உதடு அசைந்தது. என்ன மொழியில் என்று தெரியவில்லை. காட்டுக்கு வருகிறாயா என்று கேட்டேன். தலையசைத்து மறுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தனியாகப் போனேன். முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஓர் ஆண்டாகத் தொடாத சைக்கிள். உடம்பு எல்லாவற்றையும் மறந்திருந்தது. மேட்டில் இறங்கித் தள்ளினேன். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து வந்தேன். விழவில்லை. கீழே பாதை ஒரு ஓடையைத் தொடுகிற இடத்தில் சைக்கிளை நிறுத்தி, திரும்பி, மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். எதற்கு நிற்கிறேன் என்று யோசிக்கவில்லை. முன்பெல்லாம் மதி இன்னொரு சுற்றுப் போய் இறங்கி வரும்வரை நான் இங்கேதான் நிற்பது வழக்கம்.

கொஞ்ச நேரத்தில் ஒருவர் இறங்கி வந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், நரைத்த தாடி, முதுகில் தண்ணீர்ப் பை. என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

“எல்லாம் சரிதானே? யாருக்காவது காத்திருக்கிறீர்களா?”

“ஆமாம்” என்றேன். “என் தம்பி.”

ஆங்கிலத்தில் எனக்குக் காலம் எப்போதும் தடுமாறும். வந்தான், வருகிறான், வருவான் எல்லாம் ஒன்றாகத்தான் வாயில் வரும். அன்று எதைச் சொன்னேனோ, அவர் முகம் மாறியது.

“மேலே இருந்து வந்த கடைசி ஆள் நான்தான். வழியில் யாரையும் பார்க்கவில்லையே” என்றார். மேலே திரும்பிப் பார்த்தார். “வேர்கள் இன்றைக்கு மோசம். எங்காவது சரிவில் விழுந்து கிடக்கப் போகிறார். அவர் பெயர் என்ன?”

“மதி.”

“மாட்டி?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டார். “நீங்கள் இங்கேயே இருங்கள். வேறு வழியாக இறங்கி வந்தாலும் வருவார். நான் போய்ப் பார்க்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே பாதையில் ஏறத் தொடங்கினார்.

“வேணாங்க!” என்று கத்தினேன். “அவன் இல்லைங்க!”

தமிழில் கத்தியிருக்கிறேன். அவர் திரும்பாமலே, பரவாயில்லை என்பது போலக் கையை உயர்த்திக் காட்டிவிட்டு வேகமாக ஏறினார். பைன் மரங்களுக்குள் மறைந்தார். பிறகு அவர் குரல் மட்டும் வந்தது. “மாட்டீ...! மாட்டீ...!” கூப்பிட்டுவிட்டு, பதில் வருகிறதா என்று நிறுத்திக் கேட்கிறார். மறுபடி கூப்பிடுகிறார். ஒவ்வொரு தடவையும் இன்னும் உரக்க, இன்னும் கவலையாக.

ஓர் ஆண்டாக நாங்கள் யாரும் அவனை அப்படி வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை.

உடனே ஓடிப்போய்த் தடுத்திருக்க வேண்டும். மூச்சு வாங்க மலையேறிக்கொண்டிருக்கிறார், முன்பின் தெரியாத மனிதர். ஆனால் கொஞ்ச நேரம் நான் நகரவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, அவர் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்தப் பெயர் காட்டுக்குள் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.

பிறகு சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, அவரிடம் சொல்வதற்காக மேலே ஏறினேன்.